மனைப் பட்டியலில் எங்கள் மளிகைக் கடை

2022 கோடையில், கலிபோர்னியாவில் நாங்கள் இருக்கும் ஊரின் நகராட்சியிலிருந்து தபாலில் ஓர் அட்டை வந்தது. அடுத்த எட்டு ஆண்டுகளில் ஊரில் எங்கே வீடுகள் வரலாம் என்று கருத்துச் சொல்ல அழைத்திருந்தார்கள். நான் எச்-1பி என்ற வேலை விசாவில் இருப்பவள், ஓட்டுரிமை கிடையாது. நமக்கு இதில் என்ன வேலை என்று ஓரமாக வைத்துவிட்டேன்.

மறுபடி எடுக்க வைத்தது மகளின் டேகேர் ஆசிரியை. வாடகை கட்டுப்படியாகாமல் அவர் தொலைவிலுள்ள டிரேசி என்ற ஊருக்குக் குடிபோயிருந்தார். காலை ஏழு மணிக்கு எங்கள் பிள்ளைகளுக்குக் கதவைத் திறக்க, ஐந்து மணிக்கெல்லாம் காரில் ஏறுகிறார். நகராட்சிக்குப் போன் செய்து கேட்டேன். யார் வேண்டுமானாலும் பேசலாம், குடியுரிமை கேட்பதில்லை என்றார்கள்.

கலிபோர்னியாவில் ஒவ்வொரு நகரமும் 'ஹவுசிங் எலிமென்ட்' என்ற வீட்டுவசதித் திட்டத்தை எழுதி மாநிலத்தின் ஒப்புதல் வாங்க வேண்டும். எத்தனை வீடு என்பது நகரத்தின் கையில் இல்லை. மாநிலம் வட்டாரத்துக்கு ஓர் எண் கொடுக்கும், அதை ஊர்களுக்குப் பங்கு பிரிப்பார்கள். 2023–2031 சுற்றில் எங்கள் வட்டாரமான பே ஏரியாவுக்கு, அதாவது சான் பிரான்சிஸ்கோவும் சுற்றுப்புற ஊர்களும் சேர்ந்த பகுதிக்கு, வந்தது 4,41,176 வீடுகள். சான் பிரான்சிஸ்கோவின் பங்கு மட்டும் 82,069. இந்தச் சுற்றில் ஒவ்வோர் ஊரின் பங்கையும் குடும்ப வருமானத்தை வைத்து நான்காகப் பிரித்தார்கள். நகராட்சியே இவற்றைக் கட்ட வேண்டியதில்லை. இன்னின்ன மனைகளில் கட்ட முடியும் என்று காட்டி, விதிகளை அதற்கேற்பத் திருத்த வேண்டும். அதனால் திட்டத்தின் உயிர் அந்த மனைப் பட்டியலில்தான் இருக்கிறது.

இது தெரியாமல் முதல் ஜூம் கூட்டத்தில் "குறைந்த வாடகை வீடுகள் நிறைய வேண்டும்" என்று பேசினேன். நன்றி சொன்னார்கள், அதோடு சரி.

முதல் வரைவைக் குறைந்தது 30 நாள் மக்கள் பார்வைக்கு வைக்கச் சட்டம் சொல்கிறது. நூற்றுக்கணக்கான பக்கங்கள். நான் அட்டவணையை மட்டும் படித்தேன்: மனை எண், எத்தனை ஏக்கர், இப்போது என்ன இருக்கிறது, எத்தனை வீடு வரும். ஒரு வரியில் கை நின்றுவிட்டது. நாங்கள் வாரம் தவறாமல் கறிவேப்பிலையும் தோசை மாவும் வாங்கும் கடை இருக்கிற வளாகம்! அங்கே குறைந்த வருமானக்காரர்களுக்கு 58 வீடுகள் என்று போட்டிருந்தது.

சனிக்கிழமை கடைக்காரரிடம் கேட்டேன். "போன வருஷம்தான் பத்து வருஷத்துக்கு லீஸ் போட்டேன்மா. அந்த ஃப்ரீசர் ரெண்டும் புதுசு" என்றார். அவருக்கு யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

ஏற்கெனவே வியாபாரம் நடக்கும் மனையைக் காட்டினால், அது வீடு கட்டத் தடையாகாது என்று நகராட்சி விளக்க வேண்டும். குத்தகையையும் கணக்கில் எடுக்க வேண்டும். அந்த 58 வீடுகள் ஏட்டளவில் இருந்தால் ஆசிரியைக்கு என்ன பயன்? ஒரே பக்கத்தில் கடிதம் எழுதினேன்: மனை எண், குத்தகை விவரம், அதற்கு மாற்றாக ரயில் நிலையத்தருகே பூட்டிக்கிடக்கும் அலுவலகக் கட்டடம். குறைந்த வருமான வீடுகளுக்குப் பொதுவாக அரை ஏக்கர் முதல் பத்து ஏக்கர் வரை உள்ள மனைகளைத்தான் ஏற்பார்கள் என்பதால், அதன் பரப்பையும் பார்த்துக் குறித்தேன். இரண்டு ஏக்கருக்குச் சற்று மேல்.

அப்புறம் நகராட்சியின் திட்டக் குழு நடத்திய கருத்துக்கேட்புக் கூட்டம். ஆளுக்கு இரண்டு நிமிடம். எனக்கு முன்னால் பேசியவர்கள் போக்குவரத்து நெரிசல், பார்க்கிங் என்றே சொன்னார்கள். நான் மனை எண்ணைச் சொல்லிவிட்டு, ஆசிரியை விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்புவதைச் சொன்னேன். அவரால் வர முடியவில்லை. கூட்டம் இரவு ஏழு மணிக்கு, அந்த நேரம் அவர் நெடுஞ்சாலையில் இருப்பார்.

மாநிலம் வரைவைப் பார்க்க 90 நாள் எடுத்துக்கொண்டது. ஆள் புழங்கும் மனைகளுக்குக் கூடுதல் ஆதாரம் கேட்டுத் திருப்பி அனுப்பியது. அடுத்த வரைவில் கடை வளாகம் இல்லை, அலுவலகக் கட்டடம் இருந்தது. என் கடிதத்தாலா, மாநிலத்தின் கேள்வியாலா, சொல்ல முடியாது.

அந்த அலுவலகக் கட்டடத்தின் வாசலில் இப்போது, அங்கே வீடு கட்டுவது பற்றி அறிவிப்புப் பலகை நட்டிருக்கிறார்கள். கூட்டத் தேதியும் ஜூம் இணைப்பும் அதில் இருக்கின்றன. போட்டோ எடுத்து ஆசிரியைக்கு அனுப்பிவிட்டேன். வழியில் காரை நிறுத்திவிட்டு இரண்டு நிமிடம் பேசுகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.