மணியின் உதட்டைத் தூக்கிப் பார்த்த கதை

மணிக்கு உடம்பு சரியில்லை என்று எனக்குப் புரிய இரண்டு நாள் பிடித்தது. பிப்ரவரி மாதம். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பிப்ரவரி என்றால் சென்னை மே மாதத்தின் மேல் இன்னும் இரண்டு வாளி கடல் ஈரத்தை ஊற்றியது போல இருக்கும். மனுஷர்களே சுருண்டு கிடக்கிறோம், நாய் கிடக்காதா என்று விட்டுவிட்டேன். சாப்பாட்டை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்தான். வெயில் என்றேன். கேட் திறக்கும் சத்தத்துக்கு எழுந்து வரவில்லை. அதற்கும் வெயில். மூன்றாம் நாள் காலை வாழை மரத்தடியில் அவன் இருந்த மூத்திரம் கடுங்காப்பி நிறத்தில் இருந்தது. அப்போதுதான் வயிற்றைக் கலக்கியது.

டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பைக் கூட எடுக்கவில்லை. மணியின் மேலுதட்டைக் கட்டைவிரலால் தூக்கினார். ஈறு பூண்டுத் தோல் மாதிரி வெளுத்திருந்தது. ஒரு வார்த்தைதான் சொன்னார்: பிலியரி. இந்த ஊரில் நாய் வளர்க்கும் எல்லோருக்கும் தெரிந்த சொல். உண்ணி கடித்து ரத்தத்தில் ஏறும் பபீசியா என்ற ஒட்டுண்ணி சிவப்பணுக்களுக்குள் புகுந்து அவற்றை உடைக்கிறது. நமக்கு மலேரியா மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். உடைந்த ரத்தத்தின் நிறம்தான் வாழை மரத்தடியில் நான் பார்த்தது. அதிலும் தென்னாப்பிரிக்காவில் இருக்கும் வகை மற்ற வகைகளைவிடப் பொல்லாதது. ஊசி போட்டு, இன்னொரு நாயின் ரத்தம் ஏற்றி, மூன்று நாள் வைத்திருந்து அனுப்பினார்கள்.

பில்லைக் கட்டும்போது டாக்டர் சாதாரணமாகக் கேட்டார், "இதுக்கு முன்னாடி இவன் ஈறை எப்போ பார்த்தீங்க?" ஆறு வருடமாக வளர்க்கிறேன். பார்த்ததே இல்லை. அவனுக்கு எந்த பிஸ்கட் பிடிக்கும், எந்தப் பக்கத்து வீட்டுப் பூனையோடு தகராறு, எல்லாம் தெரியும். ஈறு என்ன நிறம் என்று தெரியாது. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை, அவர் திட்டவில்லை.

அந்த வெட்கத்தில்தான் முதலுதவி வகுப்பில் சேர்ந்தேன். ஒரு கால்நடை மருத்துவமனையின் பின்கட்டில், சனிக்கிழமை, அரை நாள். வந்தவர்கள் பதினோரு பேர். அதில் இரண்டு பேர் காவல் வேலைக்கு நாய் கூட்டிப் போகிறவர்கள். சேலையில் போனது நான் ஒருத்திதான். தரையில் மண்டியிட வேண்டும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

பாடம் எடுத்தது ஒரு நர்ஸம்மா. ரப்பர் நாய் ஒன்றைப் பக்கவாட்டில் கிடத்தி, மூச்சும் துடிப்பும் நின்ற நாய்க்கு நெஞ்சை அழுத்துவது எப்படி என்று காட்டினார். நெஞ்சின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்காவது உள்ளே போகும்படி, நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை. 30 அழுத்து, பிறகு வாயை மூடிப் பிடித்து மூக்கு வழியாக 2 ஊது. நான் பூரிக்கு மாவு அமுக்குகிற மாதிரி அமுக்கினேன். "இது கொஞ்சல், அழுத்தல் இல்லை" என்றார். பலமாக அழுத்தினால் எண்ணிக்கை தப்பியது. காரணம் கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரமானது. நான் தமிழில் எண்ணிக்கொண்டிருந்தேன். ஒன்று, இரண்டு வரை சரி. "இருபத்தியொன்று, இருபத்திரண்டு" என்று அரை விநாடிக்குள் சொல்லிப் பாருங்கள், நாக்கு சுளுக்கிக்கொள்ளும். இருபதுக்கு மேல் என் கை நாக்குக்காகக் காத்திருந்தது. நாய் அதற்குள் பரலோகம் போய்விடும். கடைசியில் பத்து வரை மூன்று தடவை எண்ணினேன். அது சரியாக வந்தது.

வாய் கட்டுவது அதைவிட உபயோகமாகப் பட்டது. எவ்வளவு சாதுவான நாயாக இருந்தாலும் வலி வந்தால் கடிக்கும், பிடித்த ஆளையே கடிக்கும். நீளமான துணி ஒன்று போதும். மூக்கின் மேல் ஒரு சுருக்கு, தாடைக்கு அடியில் ஒரு முடிச்சு, அங்கிருந்து காதுக்குப் பின்னால் கொண்டு போய்ப் பூ முடிச்சு. வாந்தி எடுக்கிற நாய்க்கும், மூச்சுத் திணறுகிற நாய்க்கும், சப்பை மூக்கு நாய்க்கும் கட்டக் கூடாது. வீட்டுக்காரரின் பழைய வேட்டியைக் கிழித்து நாலு பட்டை வைத்திருக்கிறேன். அவருக்கு அது இன்னும் தெரியாது.

மஞ்சள் பொடியைப் பற்றிக் கேட்டேன். கேட்காமல் இருக்க முடியுமா? காயத்தில் எதையும் அப்பாதே என்றார். அவர்கள் அதைக் கழுவி எடுத்த பிறகுதான் காயத்தையே பார்க்க முடியுமாம். சுத்தமான துணியை வைத்து அழுத்து, ஐந்து நிமிஷத்துக்குத் தூக்கிப் பார்க்காதே, நனைந்தால் அதன் மேலேயே இன்னொன்று வை. இதில் கஷ்டமான பகுதி தூக்கிப் பார்க்காமல் இருப்பதுதான்.

நாட்டின் இந்தப் பகுதிக்கே உரிய இரண்டு விஷயங்களில் நர்ஸம்மா நெடுநேரம் நின்றார். ஒன்று வெறிநாய்க்கடி. எங்கள் மாகாணமான குவாசுலு-நட்டாலில் அது பழங்கதையாகிப் போகவில்லை, தடுப்பூசி சட்டப்படியே கட்டாயம். அவர் சொன்ன ஒன்று எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வெறி பிடித்த நாய் சில சமயம் தொண்டையில் எலும்பு மாட்டிக்கொண்டது போலவே இருக்கும். தாடை தொங்கும், எச்சில் வடியும், விழுங்க முடியாது. இரக்கப்பட்டு வாய்க்குள் கை விடுகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். தெரியாத நாய் என்றால் கை விடாதே, தள்ளி நின்று கால்நடைத் துறைக்குச் சொல். கடித்தாலோ எச்சில் காயத்தில் பட்டாலோ சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு நேரே ஆஸ்பத்திரி.

இன்னொன்று விஷம். ‘டூ-ஸ்டெப்’ என்று இங்கே சொல்வார்கள். தின்ற நாய் இரண்டு அடி நடப்பதற்குள் விழுந்துவிடும் என்பதால் அந்தப் பெயர். ஆல்டிகார்ப் என்ற பூச்சிமருந்து. தடை செய்து வருடக்கணக்காகியும் கள்ளத்தனமாகக் கிடைக்கிறது. திருட வருகிறவர்கள் சாசேஜில் வைத்து மதில் மேலாக எறிகிறார்கள். கசகசா கறுப்பாக இருந்தால் எப்படியோ அப்படி இருக்கும். எச்சில் வழிந்து, உடம்பு நடுங்கி, வாந்தியும் பேதியுமாகப் போனால் வீட்டில் எந்த வைத்தியமும் செய்யக் கூடாது. உப்புத் தண்ணீர், பால், பச்சை முட்டை எதுவும் வேண்டாம். வெறுங்கையால் அந்தக் குருணையைத் தொடவும் கூடாது. காரில் ஏற்றிக்கொண்டு, போகிற வழியிலேயே போன் பண்ண வேண்டும். அங்கே மாற்று மருந்து இருக்கிறது, நம்மிடம் இல்லை. அன்றிலிருந்து கேட்டைத் திறந்து மணியை முற்றத்தில் விடும் முன் மதிலோரமாக ஒரு நடை போய் வருகிறேன்.

சமையலறை விஷங்கள் நமக்கே உரியவை. வெங்காயம் போட்ட கறிக்குழம்பு, பாயசத்தில் மிதக்கும் திராட்சை, வெந்த எலும்பு. ஆடி மாதம் தெருவெல்லாம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் பூசை நடக்கும்போது கோழி எலும்புக்குக் குறைச்சலே இருக்காது. வெந்த எலும்பு ஊசி ஊசியாக உடையும். டர்பனுக்குத் தெற்கே சவுத் கோஸ்ட் கரையோரத் தோட்டத்து மெக்கடேமியாக் கொட்டையும் ஆகாது. அதைத் தின்ற நாய் பின்னங்கால் துவண்டு போய் உட்கார்ந்துவிடும். நம் தலைவலி மாத்திரையைப் பாதி கிள்ளிக் கொடுப்பது எல்லாவற்றையும்விட மோசம்.

வகுப்பு முடிந்த பிறகு உண்மையான படிப்பு வீட்டில்தான் நடந்தது. நோயாளி நாயைப் பார்த்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது, நல்லா இருக்கிற நாயைத் தெரிந்தால்தான் முடியும். ராத்திரி சீரியல் முடிந்ததும் மணியோடு பத்து நிமிஷம். உதட்டைத் தூக்குவேன். ரோஜா நிறம், ஈரம். விரலால் அமுக்கினால் வெளுத்து, இரண்டு விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். வெளுத்தே இருந்தால் ரத்தக் குறைவு, நீலம் பாய்ந்தால் மூச்சில் கோளாறு, செங்கல் சிவப்பாக இருந்தால் சூடு ஏறியிருக்கலாம். தூங்கும்போது மூச்சை எண்ணுவேன். மணி விடுவது நிமிஷத்துக்கு 18, 20. முப்பதைத் தாண்டினால் போன் பண்ணச் சொல்லியிருக்கிறார்கள். தெர்மாமீட்டரை வாசலின் தடவி எங்கே வைப்பது என்று விளக்க வேண்டியதில்லை, மணி அதை மன்னிக்க ஒரு வாரமானது. நமக்குக் காய்ச்சல் என்கிற 38.5 டிகிரி செல்சியஸ் அவனுக்குச் சாதாரணம். 40 என்றால் பதற வேண்டும். வெயில் தாக்கினால் குழாய்த் தண்ணீரை ஊற்றி ஊற்றி விசிறிவிட்டுப் பிறகு கிளம்பணும். ஈரத் துண்டைப் போர்த்தி விட்டால் சூடு உள்ளேயே நின்றுவிடும்.

உண்ணி பார்ப்பது தனி வேலை. காது மடிப்பு, அக்குள், விரல் இடுக்கு, வால் அடி. கொக்கி மாதிரி ஒரு சின்னக் கருவி விற்கிறது, அதைத் தோலோடு ஒட்டிக் கொடுத்துத் திருகினால் முழுசாக வரும். தீக்குச்சி, மண்ணெண்ணெய் எல்லாம் எங்கள் ஊர்ப் பழக்கம், விட்டுவிட்டேன். மாத்திரையும் மாதக் கணக்குப் பிசகாமல் கொடுக்கிறேன்.

இவ்வளவு படித்தவளுக்கு அக்டோபரில் பரீட்சை வந்தது. சாயங்காலம், கறிவேப்பிலை மரத்தடியில் அடுக்கியிருந்த பழைய தொட்டிகளைப் பார்த்து மணி விடாமல் குரைத்தான். திடீரென்று சத்தம் நின்றது. எட்டிப் பார்த்தால் முகத்தைப் புல்லில் தேய்த்துக்கொண்டிருக்கிறான். தொட்டிக்கு மேலே பழுப்பாக ஒரு படம், கழுத்தில் கறுப்புப் பட்டை. மொசாம்பிக் துப்பும் நாகம். இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நின்றே கண்ணைக் குறி வைத்துத் துப்பும்.

நர்ஸம்மா சொன்ன முதல் விதி, முதலில் நீ அடிபடாதே. கிட்டே போகாமல் கூப்பிட்டேன், வந்துவிட்டான். முதலுதவிப் பெட்டியை எடு என்று கத்தினேன். பெட்டி கார் டிக்கியில். கார் மகனோடு எங்கோ ரோபோட்டில், அதாவது இந்த ஊர்ச் சிக்னல் விளக்கில், நின்றுகொண்டிருக்கிறது. உப்பு நீர் பாட்டில், துண்டு, கட்டுத் துணி எல்லாம் அதற்குள். தோட்டக் குழாயை மெல்லத் திறந்து, என் துப்பட்டாவை அவன் முன்னங்கால்களைச் சுற்றிக் கட்டி, தலையை மடியில் சாய்த்துக் கண்ணில் தண்ணீரை ஓட விட்டேன். பக்கத்து வீட்டு ஆயா மதில் மேலே தலையை நீட்டி, "பால் ஊத்து கண்ணு, பாலு!" என்றார். இந்த ஊர்ப் பழைய ஆட்கள் எல்லோரும் சொல்வது. பாலால் கெடுதல் ஒன்றுமில்லையாம், ஆனால் ஓடுகிற தண்ணீரே போதும், நிறைய, நெடுநேரம் வேண்டும் என்று கேட்டிருந்தேன். "பால் அவ்வளவு இல்ல ஆயா, நேரம் பாத்துச் சொல்லுங்க" என்றேன். கால் மணி ஆகியிருக்கும் என்று நினைத்துக் கேட்டேன். "நாலு நிமிசம்தான் ஆச்சு" என்றார். அந்த மீதிப் பதினோரு நிமிஷம் மாதிரி நீளமான நேரத்தை நான் பார்த்ததில்லை. மணி முனகினான், உதறினான், ஒரு தடவை என் மணிக்கட்டைப் பல்லால் பிடித்து, கடிக்காமல் விட்டான். வாய்க்கட்டுப் பட்டையும் காரில்தான் இருந்தது.

பாம்பு பிடிக்கிறவர் வருவதற்குள் அது போய்விட்டது. டாக்டர் மணியின் கண்ணில் ஆரஞ்சு நிறக் காகிதப் பட்டையைத் தொட்டு நீல விளக்கைக் காட்டினார். வலது கண் சுத்தம். இடது கண்ணில் எள்ளளவு இடம் பச்சையாக ஒளிர்ந்தது. விழியின் மேல்தோல் அங்கே புண்ணாகியிருக்கிறது என்றார். சொட்டு மருந்து, கூம்பு காலர், மூன்று நாளில் மறுபடி வா. ஆறிவிட்டது. சொட்டு மருந்துக் குப்பியைப் பார்த்தால் இன்றும் கட்டிலுக்கடியில் போய்விடுகிறான். பெட்டி இப்போது சமையலறையில், அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. காருக்கு இன்னொன்று.

ஆயாவும் இதெல்லாம் பார்த்துக் கற்றுக்கொண்டார். போன வாரம் விடிகாலையில் கேட்டைத் தட்டினார், நைட்டியோடு, மூச்சிரைக்க. "கண்ணு, எங்க ரெக்ஸு ஈறு ஒரே கறுப்பாயிருக்கு, வந்து பாரு." ஓடினேன். ரெக்ஸ் வாலை ஆட்டிக்கொண்டு எதிரே வந்தது. உதட்டைத் தூக்கினேன். கறுப்புதான். பிறந்ததிலிருந்தே கறுப்பு. சில நாய்களுக்கு அப்படித்தான், ஈறிலேயே மை பூசினாற்போல் இருக்கும். பன்னிரண்டு வருடமாக ஆயாவும் உதட்டைத் தூக்கிப் பார்த்ததில்லை. "இந்த மாதிரி நாய்க்குக் கண் இமைக்குள்ள பாக்கணும் ஆயா" என்று கீழிமையை இழுத்துக் காட்டினேன். உள்ளே நல்ல ரோஜா நிறம். ஆயா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். பிறகு என் கீழிமையையும் இழுத்துப் பார்த்துவிட்டு, "உனக்குத்தான் ரத்தமே இல்ல, முருங்கக்கீர எடுத்துட்டுப் போ" என்றார்.