சிப் நிறுவனமா? விற்பனை எண்ணுக்கு முன் சரக்கிருப்பைப் பாருங்கள்

2009-இல் உலகப் பொருளாதாரமே சுருங்கியது. அந்த ஆண்டு உலக சிப் விற்பனை சரிந்தது சுமார் 9 சதவீதம். பொருளாதாரப் பாதிப்பு அதைவிடக் குறைவாக இருந்த 2001-இல் சிப் விற்பனைச் சரிவு சுமார் 32 சதவீதம். டாட்காம் எனும் இணைய நிறுவன மோகக் காலத்தில் எல்லோரும் தேவைக்கு மேல் வாங்கிக் குவித்த சரக்குதான் இந்த வித்தியாசத்துக்கு முக்கியக் காரணம். வெளிநாட்டு நெருக்கடி ஒரு சிப் நிறுவனத்தை எவ்வளவு தாக்கும் என்பதை, நெருக்கடியின் அளவைவிடத் தேங்கிக் கிடக்கும் சரக்குதான் தீர்மானிக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

போன் விற்பனை 5 சதவீதம் குறைந்தால், தயாரிப்பாளர் கையிலுள்ள சிப்பைத் தீர்த்துவிட்டுத்தான் அடுத்த ஆர்டர் போடுவார். நடுவிலிருக்கும் விநியோகஸ்தரும் அப்படியே. சிப் தயாரிக்கும் ஆலையான ஃபேபுக்கு வந்து சேரும்போது அந்த 5 சதவீதம் பல மடங்காகியிருக்கும்.

கையிலுள்ள சரக்கு எத்தனை நாளுக்கு ஓடும் என்பதே இருப்பு நாட்கள்; அதன் கணக்கு எளிது. காலாண்டு இறுதிச் சரக்கிருப்பை அந்தக் காலாண்டின் விற்பனை அடக்கச் செலவால் (விற்ற சரக்கைத் தயாரிக்க ஆன செலவு) வகுத்து, காலாண்டின் நாட்களான 91-ஆல் பெருக்குங்கள். இருப்பு 300 கோடி, அடக்கச் செலவு 200 கோடி என்றால் சுமார் 137 நாள். இந்த எண்ணைத் தனியாகப் பார்த்துப் பயனில்லை. அதே நிறுவனத்தின் முந்தைய எட்டு காலாண்டுகளோடு ஒப்பிட வேண்டும். பிறகு கணக்குக் குறிப்புகளில் இருப்பு எப்படிப் பிரிந்திருக்கிறது என்று பாருங்கள். ஒரு வேஃபர் (சிப்கள் உருவாக்கப்படும் சிலிக்கான் தட்டு) ஃபேபிலிருந்து வெளிவர மூன்று மாதம்கூட ஆகும் என்பதால், பாதி முடிந்த சரக்கு எப்போதும் அதிகமாகவே இருக்கும். விற்பனை குறையும்போது தயாரித்து முடிந்த சரக்கு ஏறினால் ஆபத்து. பாதி முடிந்த சரக்கு இறங்கினால் உற்பத்தியைக் குறைத்துவிட்டார்கள் என்று பொருள். அது நல்ல அறிகுறி.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். உற்பத்தியைக் குறைத்தால் மொத்த லாப விகிதம் இன்னும் மோசமாகத் தெரியும். இயந்திரம் சும்மா நின்றாலும் தேய்மானம் ஓடிக்கொண்டே இருக்கும். வழக்கத்துக்கு மீறிச் சும்மா நின்ற திறனுக்கான செலவைச் சரக்கின் மதிப்பில் ஏற்றக் கூடாது, அந்தக் காலாண்டுச் செலவாகவே எழுத வேண்டும் என்பது கணக்கியல் விதி. ஆக, மிக அசிங்கமான காலாண்டில்தான் பெரும்பாலும் சரக்கைச் சரிசெய்தல் தொடங்கியிருக்கும்.

இன்னொரு பொறி, மதிப்புக் குறைப்பு. 2023 மார்ச் தொடக்கத்தில் முடிந்த காலாண்டில் தரவைச் சேமிக்கும் மெமரி சிப்களைத் தயாரிக்கும் அமெரிக்க நிறுவனமான மைக்ரான் 143 கோடி டாலர் மதிப்புள்ள சரக்கைக் கணக்கிலிருந்து குறைத்தது. இருப்பு நாட்கள் உடனே இறங்கும். சரக்கு அங்கேயேதான் இருக்கும். பின்னர் அது விற்கும்போது லாப விகிதம் செயற்கையாக உயரும். இரண்டையும் கழித்துவிட்டுப் பாருங்கள்.

எல்லாத் துறையும் ஒரே நேரத்தில் விழாது. மெமரி முதலில் விழும், ஆழமாக விழும். யாருடைய சிப் வாங்கினாலும் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் விலையே உடையும். கார், தொழிற்சாலைக்கான சிப்கள் 2022-23 சரிவில் பல காலாண்டுகள் தாமதமாகத்தான் இறங்கின.

நாணயமும் கவனிக்க வேண்டியது. விற்பனை டாலரில், செலவு உள்நாட்டு நாணயத்தில் என்றால், அந்த நாணயம் வலுப்பெறுவதே அடி. மெமரி விலைச் சரிவோடு யென்னின் உயர்வும் சேர்ந்துதான் ஜப்பானின் மெமரி சிப் நிறுவனமான எல்பிடாவை 2012 பிப்ரவரியில் திவாலாக்கியது. கடன் முதிர்வுத் தேதிகளை அதனால்தான் கையிருப்புப் பணத்தோடு சேர்த்துப் படிக்கச் சொல்கிறேன். பணம் இருப்பவர் சரிவிலும் முதலீடு செய்யலாம்: 2009-இல் தலைமைக்குத் திரும்பிய நிறுவனர் மோரிஸ் சாங், தைவானின் சிப் தயாரிப்பாளரான டிஎஸ்எம்சியின் அந்த ஆண்டு மூலதனச் செலவை உயர்த்தி சுமார் 270 கோடி டாலருக்குக் கொண்டுபோனார்; அடுத்த ஆண்டு அதை இரண்டு மடங்குக்கும் மேலாக்கினார்.