மருந்து மாற்றிய மாதம்: குன்னூர் நாட்குறிப்பு

ஜனவரி 5, திங்கள்

ஸ்கேன் முடிவு வந்துவிட்டது. கல்லீரலில் இருக்கும் கட்டிகளில் ஒன்று வளர்ந்திருக்கிறது. குடலில் தொடங்கிய புற்றுநோய் அங்கே பரவியது தெரிந்ததிலிருந்து போட்டு வந்த கீமோ மருந்தான ஆக்சாலிபிளாட்டின் இனி வேண்டாம், ஐரினோடிகானுக்கு மாறலாம் என்றார் டாக்டர். கூடவே சின்ன பம்ப் வழியாக மெல்ல ஏறும் ஃபைவ் எஃப்யூ என்ற இன்னொரு கீமோ மருந்து மட்டும் அப்படியே தொடரும்.

அங்கேயே அழுதேன். அழுது முடித்து, விரல்களைப் பற்றியும் சொன்னேன். ஊசியில் நூல் கோக்க முடியவில்லை, பட்டன் தைக்கக் கொடுப்பவர்களைத் திருப்பி அனுப்புகிறேன், கீமோ இல்லாத வாரத்திலும் மதமதப்பு விடுவதில்லை என்று. அந்த மருந்து நரம்பைப் பாதிப்பதால், நிறுத்திய பிறகும் சில மாதம் மதமதப்பு கூடலாம், அப்புறம்தான் மெல்லக் குறையத் தொடங்கும் என்றார். இது முன்னாலேயே தெரிந்தது பெரிய உதவி. இல்லாவிட்டால் விரல் மரத்துப்போகும் ஒவ்வொரு முறையும் புது மருந்தைச் சந்தேகித்துக்கொண்டிருப்பேன்.

ஜனவரி 7, புதன்

நாளைக்குப் புது மருந்து. பழையதோடு இந்த மலையில் எப்படி நாளை ஓட்டினேன் என்று எழுதி வைக்கிறேன், இங்கே வேறு யாருக்காவது பயன்படும்.

ஆக்சாலிபிளாட்டின் போட்ட சில நாட்களுக்குக் குளிர்ந்தது எதுவும் ஆகாது. கீழே கோயம்புத்தூரில் இருப்பவர்கள் ஐஸையும் ஃபிரிட்ஜையும் தள்ளி வைத்தால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். குன்னூரில், 1,850 மீட்டர் உயரத்தில், மார்கழி விடியலில் கதவைத் திறந்தாலே போதும். குழாயைத் தொட்டால் கரன்ட் ஷாக் அடித்த மாதிரி விரல் சுண்டும். தாழ்ப்பாளுக்குத் துணி சுற்றினோம். எவர்சில்வர் டம்ளரை ஒதுக்கிவிட்டுக் கைப்பிடி வைத்த பீங்கான் கப். பல் தேய்க்கவும் வெந்நீர்.

எல்லாவற்றையும்விடப் பயமுறுத்தியது தொண்டை. குளிர்காற்றை இழுத்ததும் மூச்சு அடைபடுவதுபோல் ஆகிவிடும். உண்மையில் மூச்சுப்பாதை அடைபடுவதில்லை, நரம்புதான் அப்படிக் காட்டுகிறது என்று சிஸ்டர் விளக்கினார்கள். மப்ளரை மூக்கு வாய் மூடக் கட்டிக்கொண்டு, வெதுவெதுப்பாக இரண்டு மிடறு குடித்தால் தணிந்துவிடும். முகம் வீங்கினாலோ உடம்பு தடித்தாலோ அது வேறு, அலர்ஜி, உடனே ஓட வேண்டும்.

ஜனவரி 8, வியாழன்

ஐரினோடிகான் ஒன்றரை மணி நேரம் ஏறுகிறது. பாதியில் திடீரென்று வியர்த்தது. கண்ணில் நீர், வாயில் எச்சில், வயிற்றில் முறுக்கு, எல்லாம் ஒன்றாக. சிஸ்டரைக் கூப்பிட்டதும் கையில் தோலுக்கடியில் அட்ரோபின் ஊசி போட்டார்கள், கொஞ்ச நேரத்தில் அடங்கியது. இந்த மருந்துக்கு இது வழக்கமாம். நரம்புகள் செய்தி கடத்தும் அசிட்டைல்கோலின் என்ற பொருளை உடைக்கும் நொதியை இது தடுத்துவிடுவதால் சுரப்பிகளும் குடலும் அளவுக்கு மீறி வேலை செய்கின்றனவாம். அடுத்த முறை அட்ரோபினை முதலிலேயே போட்டுவிடலாம் என்றார்கள்.

ஜனவரி 10, சனி

46 மணி நேரப் பம்ப் முடிந்து போர்ட்டிலிருந்து (மருந்து ஏற்றத் தோலுக்கடியில் வைத்திருக்கும் சின்னக் கருவி) ஊசியை எடுத்தார்கள். அதுவரை கோயம்புத்தூர் சிங்காநல்லூரில் தங்கை வீட்டில் இருந்தேன். மேட்டுப்பாளையம் வரும் முன்பே வாந்தி மாத்திரை போட்டுக்கொண்டும், கொண்டை ஊசி வளைவுகளில் தாங்கவில்லை. பர்லியாறில் காரை நிறுத்தி வீட்டுக்காரர் தலையைப் பிடித்துக்கொண்டார்.

வழியில் மகள் போனில் படித்துக் காட்டியது மனதில் நிற்கிறது. ஐரினோடிகானின் மூலப்பொருள் கேம்ப்டோதெசின். 1966இல் அமெரிக்காவில் வால், வாணி குழுவினர் ஒரு சீன மரத்திலிருந்து அதைப் பிரித்தார்கள். 1972இல், முன்பு சென்னை மாநிலக் கல்லூரி முதல்வராக இருந்த வேதியியலாளர் டி. ஆர். கோவிந்தாச்சாரியும் விஸ்வநாதனும் நம் நாட்டு மரமொன்றில் அது இருப்பதைக் கண்டு எழுதினார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் நோதபோடைட்டஸ், பூ நாற்றமடிக்கும் சின்ன மரம். நீலகிரியிலும் இருக்கிறது. மருந்துக்காக வெட்டி வெட்டிப் பல இடங்களில் அருகிவிட்டதாம். அந்த மரம் இங்கே பிழைத்துக் கிடக்க வேண்டும் என்று மனதார வேண்டிக்கொண்டேன்.

ஜனவரி 15, வியாழன், பொங்கல்

இரவு இரண்டு மணியிலிருந்து பேதி. முதல் முறை போனதுமே, எழுதிக் கொடுத்தபடி பேதியை நிறுத்தும் லோபரமைடு இரண்டு மாத்திரை, பிறகு இரண்டு மணிக்கொரு தடவை ஒன்று. பன்னிரண்டு மணி நேரம் வயிறு போகாமல் இருக்கும்வரை இப்படி. சாதாரண வயிற்றுப்போக்குக்கு யாரும் இந்தக் கணக்கில் போடக் கூடாது, இந்த மருந்துக்காக டாக்டர் சொன்ன கணக்கு இது. 48 மணி நேரத்துக்கு மேல் தொடரவும் கூடாது.

பழைய மருந்தில் எனக்கு மலச்சிக்கல்தான் தொல்லை. அந்தப் பழக்கத்தில் ‘தானாக நிற்கட்டும்’ என்று காத்திருந்தால் இதில் ஆபத்து. வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நேரத்தில் பேதியும் காய்ச்சலும் சேர்ந்தால் உயிருக்கே வினை. 100.4 டிகிரி தொட்டால் எந்த நேரமானாலும் போன் பண்ணச் சொல்லியிருந்தார்கள். வீட்டுக்காரர் விடிய விடியத் தெர்மாமீட்டரோடு உட்கார்ந்திருந்தார். காய்ச்சல் வரவில்லை. உப்புக் கஞ்சியும் ஓஆர்எஸ்ஸும்தான் இன்றைய பண்டிகைச் சாப்பாடு. பக்கத்து வீட்டு அக்கா நெய் மணக்கக் கொண்டுவந்த சர்க்கரைப் பொங்கலை மகள் எனக்கும் சேர்த்துச் சாப்பிட்டாள். சாயங்காலம் நின்றது.

ஜனவரி 19, திங்கள்

ஊட்டியில் உறைபனி. இங்கேயும் கடுங்குளிர். குழாய்த் தண்ணீரில் முகம் கழுவினேன், விரல் சுண்டவில்லை, தொண்டை இறுகவில்லை. எத்தனை சந்தோஷம்! மதமதப்பு மட்டும் அப்படியே. முடி உதிரத் தொடங்கியிருக்கிறது.

ஜனவரி 22, வியாழன்

நேற்று குன்னூரிலேயே ரத்தம் கொடுத்து ரிப்போர்ட்டை அனுப்பினோம். கிருமியோடு போராடும் வெள்ளணுவான நியூட்ரோஃபில் குறைவு, இன்றைய கீமோவை ஒரு வாரம் தள்ளிவிட்டார்கள். கட்டி வளர்ந்துகொண்டிருக்கும்போது தள்ளலாமா என்று கேட்டேன். அணுக்கள் ஏறாமல் போட்டால் கிருமித் தொற்றில் அதைவிட அதிக நாள் இழக்க நேரும் என்றார் டாக்டர். ஏற்றுக்கொண்டேன், ஆனாலும் மனது அடித்துக்கொள்கிறது. அட்ரோபின் முதலில், பேதி வந்த நேரம், போட்ட மாத்திரைக் கணக்கு எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிக் கோப்பில் வைத்துவிட்டேன். 28ஆம் தேதி மறுபடி ரத்தம் கொடுக்க வேண்டும்.