கீழ்ச் செட்டுக்கு ஆறு வாரம்

முழு பல் செட்டு கட்டிக்கொண்டு போனவர்கள் பத்து நாள் கழித்து வரும்போது அநேகமாக ஒன்றையே சொல்கிறார்கள்: "மேல் செட்டு நல்லாப் பிடிச்சுக்குது டாக்டர், கீழ் செட்டுதான் ஆடுது." அளவு தப்பிவிட்டது என்று கூட வந்த மகனோ மருமகளோ நினைத்திருப்பார்கள். சில சமயம் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் பெரும்பாலும் காரணம் வாயின் அமைப்புதான். மேல் செட்டு அண்ணம் முழுவதையும் மூடி உட்காருகிறது. அதற்குக் கிடைக்கும் பரப்பு சுமார் 23 சதுர செ.மீ. கீழ் செட்டு லாட வடிவில் ஈறு மேட்டின்மேல் மட்டும் உட்கார வேண்டும். அதற்குக் கிடைப்பது ஏறத்தாழ 12. மேலே, அண்ணத்துக்கும் செட்டுக்கும் நடுவில் மெல்லிய உமிழ்நீர்ப் படலம் நின்று, ஓரங்களில் காற்றுப் புகாமல் அடைபட்டால், நனைந்த இரண்டு கண்ணாடித் துண்டுகள் ஒட்டிக்கொள்வது போலப் பிடிக்கும். கீழே அந்த அடைப்பு சரியாகக் கிடைப்பதில்லை. ஒரு பக்கம் நாக்கு, மறுபக்கம் கன்னமும் உதடும். பேசும்போதும் விழுங்கும்போதும் இந்த மூன்றும் செட்டைத் தள்ளும். பழகிய பிறகு அதைப் பிடித்து நிறுத்துவதும் இதே மூன்றுதான். அந்தப் பழக்கம் வர ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். இதை அளவெடுக்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். செட்டைக் கையில் கொடுத்த பிறகு சொன்னால் அது சமாதானமாகத்தான் காதில் விழும்.

பல் பிடுங்கிய புண் இரண்டு மூன்று வாரத்தில் மேலே மூடிவிடும். உள்ளே எலும்பு அடங்க மாதங்கள் ஆகும். அதனால் இரண்டு மூன்று மாதம் பொறுத்து அளவெடுப்பதே நல்லது. வீட்டில் கல்யாணம் வருகிறது, பல்லில்லாமல் நிற்க முடியாது என்பவர்களுக்குச் செட்டை முன்கூட்டியே செய்து, பிடுங்கிய அன்றே மாட்டிவிடலாம். ஆனால் எலும்பு கரையக் கரைய அது தளரும். சில மாதத்தில் உள்பக்கம் மறுபூச்சு செய்ய வேண்டியிருக்கும். அந்தச் செலவையும் முதலிலேயே கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். எலும்பு கரைவது அத்தோடு நிற்பதும் இல்லை. வருடக்கணக்கில் பார்த்தால் கீழ்த்தாடை மேல்தாடையைப் போல நான்கு மடங்கு வரை கரைகிறது. மேடே இல்லாமல் தட்டையாகிப்போன கீழ்த்தாடையில், எவ்வளவு கவனமாகச் செய்த செட்டும் மிதக்கத்தான் செய்யும். அப்படிப்பட்டவர்களுக்குக் கீழ்த்தாடையின் முன்பகுதியில் எலும்புக்குள் பதிக்கும் திருகு போன்ற இரண்டு இம்பிளான்ட் வைத்து, அதன்மேல் செட்டைப் பொத்தான் போல மாட்டுவது பெரிய மாற்றம் தரும். 2002இல் மாண்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய வல்லுநர்கள், கீழ்த்தாடையில் பல்லே இல்லாதவர்களுக்கு இதுவே முதல் தேர்வாக இருக்கட்டும் என்று பரிந்துரைத்தார்கள். வசதியும் உடல்நிலையும் இடம்கொடுத்தால் நாங்களும் அதையே சொல்வோம்.

சாதாரண முழு செட்டுக்கு ஐந்து முறை வர வேண்டும். முதல் முறை காம்பவுண்ட் என்ற அளவெடுக்கும் பொருளை வெந்நீரில் இளக்கித் தோராய அளவு. இரண்டாம் முறை, அவரவர் வாய்க்கென்று செய்த டிரேயின், அதாவது அளவுத் தட்டின், ஓரத்தில் பச்சைக் குச்சிக் காம்பவுண்டை உருக்கி வைத்து, கன்னத்தை இழுத்தும் நாக்கை நீட்டச் சொல்லியும் ஓரங்களைப் பதிய வைப்பார்கள். பிறகு கிராம்பு வாசம் அடிக்கும் பசையில் நுண்ணளவு. "ரெண்டு தடவை எதுக்கு அளவு?" என்று கேட்பவர்கள் உண்டு. செட்டு பிடிப்பதும் ஆடுவதும் அந்த இரண்டாம் அளவின் ஓரத்தில்தான் இருக்கிறது. மூன்றாம் முறை மெழுகுக் கட்டைகளை வைத்துத் தாடையின் உயரம் பார்ப்பார்கள். வாய் ஓய்வாக இருக்கும்போது மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவில் 2 முதல் 4 மி.மீ. இடைவெளி வேண்டும். அது இல்லாவிட்டால் பேசும்போது பற்கள் டக்டக்கென்று மோதும், தாடை கடுக்கும். அதிகமாகிவிட்டால் முகவாய் மேலேறி முகம் சுருங்கிவிடும், வாயோரம் வெடித்துப் புண்ணாகும்.

நான்காம் முறை ட்ரையல்: பற்களை மெழுகில் நிறுத்தி, வாயில் வைத்துப் பார்ப்பது. எங்கள் அனுபவத்தில், அவசரப்படக் கூடாத நாள் இதுதான். பற்கள் மெழுகில் நிற்கும் வரை எதையும் மாற்றலாம். மெழுகின் இடத்தில் அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக்கை வைத்து, 74 டிகிரி நீரில் ஒன்பது மணி நேரம் வெந்து வந்தபின் மாற்றுவது கடினம். வீட்டாரில் ஒருவரையும், பல் தெரியச் சிரிக்கும் பழைய போட்டோ ஒன்றையும் கொண்டுவருவது நல்லது. நிறத்தை ஜன்னலோர வெளிச்சத்தில் பாருங்கள். எல்லோரும் கேட்பது மிக வெள்ளை. எழுபது வயது முகத்தில் அது பல்லை மட்டும் தனியே காட்டும். ஓரிரு படி மங்கலாக எடுத்தவர்கள் பிறகு வருத்தப்பட்டதில்லை.

அடுத்து பேச்சு. 'வ' சொல்லும்போது கீழுதடு மேல் முன்பற்களின் விளிம்பை லேசாகத் தொட வேண்டும். 'ச' சொல்லும்போது மேலும் கீழும் நெருங்கலாம், இடிக்கக் கூடாது. 'த', 'ந' இரண்டுக்கும் நாக்குநுனி முன்பல்லின் பின்புறம் படும். பல் உள்ளே தள்ளி நின்றால் அந்த எழுத்துகள் தடிக்கும். தமிழ் பேசுபவருக்கு இன்னொன்றும் உண்டு. 'ழ', 'ள', 'ண' சொல்ல நாக்கு பின்னால் வளைந்து அண்ணத்தை நாடும். அண்ணத் தகடு தடித்திருந்தால் முதலில் கெடுவது இவைதான். எழுபத்தேழு, வாழைப்பழம், பள்ளிக்கூடம், தண்ணீர் என்று சொல்லிப் பார்த்தால் போதும், தெரிந்துவிடும்.

ஐந்தாம் முறை செட்டை மாட்டிக் கொடுப்பார்கள். மாட்டிய முதல் இரண்டு மூன்று நாள் உமிழ்நீர் பெருகும். வாய் அதை உணவென்று நினைக்கிறது. துப்பாமல் விழுங்கப் பழக வேண்டும். செய்தித்தாளைச் சத்தமாக வாசித்தால் பேச்சு சீக்கிரம் தெளியும். முதல் நாட்களில் கஞ்சி, குழைந்த பருப்புசாதம், இட்லி. பிறகு இடியாப்பம், மெத்தென்ற தோசை. சப்பாத்திக்கு ஒரு மாதம் போகட்டும். சின்னத் துண்டுகளாக்கி இரண்டு கடைவாயிலும் சமமாக வைத்து மெல்லுங்கள். முன்பல்லால் கடித்து இழுத்தால் செட்டின் பின்பகுதி தூக்கிக்கொள்ளும். கொய்யா விதையும் எள்ளும் கீழ் செட்டுக்கு அடியில் போய் முள்ளாகக் குத்தும். காபியைக் கவனித்துக் குடிக்க வேண்டும்: மூடிய அண்ணத்தில் சூடு தெரியாது, தொண்டையில்தான் தெரியும். சொந்தப் பல்லின் கடிவலுவில் நாலில் ஒரு பங்கு கிடைத்தாலே நல்ல செட்டு. முறுக்கைப் பற்றிக் கேட்பவர்களுக்கு இதைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

புண் வருவது சகஜம். ஒரு நாள் கழித்து, பிறகு ஒரு வாரம் கழித்துக் காட்டுங்கள். வலிக்கிறது என்று கழற்றி வைத்துவிட்டு வந்தால் சிவந்த தடம் மறைந்துவிடும், எங்கே ராவுவது என்று தெரியாது. வருவதற்கு முன் சில மணி நேரமாவது மாட்டியிருக்க வேண்டும். வீட்டில் அரம், உப்புத்தாள் எதையும் தொடாதீர்கள். நீங்கள் ராவும் அந்த ஓரம்தான் காற்றை அடைத்து நிற்பது. செட்டைக் கழற்றி வைத்தும் இரண்டு வாரத்தில் ஆறாத புண் என்றால், குறிப்பாகப் புகையிலை போடுபவர்கள், தாமதிக்காமல் காட்ட வேண்டும்.

இரவில் கழற்றி வையுங்கள். ஈறுக்கு ஆறேழு மணி நேரமாவது ஓய்வு வேண்டும். இரவும் பகலும் மாட்டியிருப்பவர்களின் அண்ணத்தில் பூஞ்சை படிந்து, செட்டின் அளவுக்கே சிவந்து கிடக்கும். வலிக்காததால் அவர்களுக்கே தெரியாது. தேய்க்க மென்மையான பிரஷ்ஷும் சாதாரண சோப்பும் போதும். பற்பசை, பல்பொடி, சாம்பல் எல்லாம் அக்ரிலிக்கைக் கீறும். கீறலில் கறையும் கிருமியும் தங்கும். வெந்நீர் வேண்டவே வேண்டாம், வளைந்துவிடும். கழுவும்போது கீழே ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். கைதவறினால் தண்ணீரில் விழட்டும். இரவு முழுக்கச் சாதாரண நீரில் கிடக்கட்டும், உலர விடாதீர்கள். விருந்தில் கழற்றி டிஷ்யூவில் சுற்றி வைத்தது இலையோடு போய்விடுவது உண்டு. ஒரு சின்ன டப்பா பையில் இருக்கட்டும்.

நன்றாக இருந்த செட்டு திடீரென்று தளர்ந்தால், உடம்பு இளைத்திருக்கலாம், அல்லது புதிதாகத் தொடங்கிய மாத்திரை உமிழ்நீரைக் குறைத்திருக்கலாம். மாத்திரைச் சீட்டைக் கொண்டுவாருங்கள். மேல் செட்டு நடுவில் உடைவது பெரும்பாலும் எலும்பு கரைந்ததால்தான்: இரண்டு பக்கமும் தாழ்ந்துவிட, அண்ணத்தின் நடுமேட்டில் செட்டு துலாக்கோல் போல ஆடி ஆடிக் கீறல் விடும். ஒட்டினாலும் உள்பக்கம் மறுபூச்சு இல்லாமல் மறுபடி உடையும். உடைந்ததை ஃபெவிக்விக் போட்டு ஒட்டிக்கொண்டு வராதீர்கள். ஒரு மயிரிழை விலகி ஒட்டிவிட்டாலும் பிறகு துண்டுகளைச் சரியாகச் சேர்க்க முடியாது. எல்லாத் துண்டுகளையும், உதிர்ந்த பல் உட்பட, அப்படியே ஒரு கவரில் போட்டுக் கொண்டுவந்தால் பெரும்பாலும் சேர்த்துவிடலாம்.