641 ஒளிந்திருந்த எண்

4294967297. உயர்தர வகுப்பில் தூய கணிதம் படித்த எங்கள் அணிக்கு, கல்லூரி என்றதும் மணிக்கூண்டுக்கு முன்னரே இந்த எண்தான் ஞாபகத்துக்கு வரும். சேர் கரும்பலகையில் எழுதிவிட்டு, "இது முதன்மை எண்ணோ, பாருங்கோ" என்பார். விளக்கம் பிறகுதான்.

2இன் 1, 2, 4, 8, 16ஆம் வலுக்களோடு ஒன்றைக் கூட்டினால் 3, 5, 17, 257, 65537. ஐந்தும் முதன்மை எண்கள். அடுத்து வருவது 32ஆம் வலு. அதோடு ஒன்றைக் கூட்டினால் நம் எண். இந்த வரிசை முழுவதும் முதன்மை எண்களே என்று 1640இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் பெர்மா நம்பினார். 1732இல் சுவிஸ் கணிதவியலாளர் ஒயிலர் அதை உடைத்தார்: 641 × 6700417.

மடக்கை அட்டவணை இங்கே உதவாது. 2இன் மடக்கையான 0.3010ஐ 32ஆல் பெருக்கினால் 9.6320, முரண்மடக்கை 4.285 × 10⁹ அளவில் நிற்கும். மூன்றாம் இலக்கத்திலேயே பிழை. மீதி பார்க்கக் கடைசி இலக்கம்வரை சரியாக இருக்க வேண்டும். ஒவ்வொன்றாக வகுத்துப் பார்ப்பதென்றால், வர்க்கமூலமான 65536 வரை 6542 முதன்மை எண்கள் இருக்கின்றன.

வழியைத் திறப்பது பெர்மாவின் சிறு தேற்றமே. p என்ற முதன்மை எண் நம் எண்ணை வகுத்தால், 2இன் 32ஆம் வலுவை pஆல் வகுக்க மீதி −1, அதாவது pஇன் மடங்குக்கு ஒன்று குறைவு. வர்க்கித்தால் 64ஆம் வலுவுக்கு மீதி 1. அதற்கு முன் எந்த வலுவுக்கும் 1 வராது. p−1ஆம் வலுவுக்கும் மீதி 1 என்பது தேற்றம். ஆகவே p−1 ஆனது 64இன் மடங்கு. அப்படிப்பட்ட முதன்மை எண்கள் 193, 257, 449, 577, 641. ஐந்தாவதிலேயே கதவு திறக்கிறது! 257ஐத் தொடவும் வேண்டாம்: 3 × 5 × 17 × 257 × 65537 = 4294967295. நம் எண்ணுக்கும் அதற்கும் வித்தியாசம் 2. இரண்டையும் 257 வகுக்குமென்றால் 2ஐயும் வகுக்க வேண்டும்.

641ஐ உறுதிசெய்ய நீள்வகுத்தல் தேவையில்லை. 2இன் 16ஆம் வலு 65536; அதில் 641 × 102 = 65382 போக மீதி 154. 154இன் வர்க்கம் 23716; 641 × 36 = 23076 போக 640. ஒன்றைக் கூட்ட 641.

இதைவிட அழகான வழி: 641 = 5 × 128 + 1, அதுவே 625 + 16. முதலாவதிலிருந்து 5 × 2⁷ இன் மீதி −1. நான்காம் வலுவுக்கு உயர்த்த 625 × 2²⁸ இன் மீதி 1. இரண்டாவதிலிருந்து 625க்குப் பதில் −16 இடலாம். பலர் வழுக்கும் இடம் இதுதான்: அந்தச் சயக் குறி (−) விடுபட்டால் 641 ஆனது 4294967295ஐ வகுப்பதாக முடியும். குறியோடு போட்டால் −2³² இன் மீதி 1, வேலை முடிந்தது.

6700417ஐ இன்னும் உடைக்கலாமா? காரணிகள் 128இன் மடங்கோடு ஒன்று கூடியவையாகவே இருக்கும் என்று பின்னர் பிரெஞ்சுக் கணிதவியலாளர் லூக்கா காட்டினார். வர்க்கமூலம் 2588 அளவு. 257 ஏற்கெனவே விலகியது. மிஞ்சுவது 641, 769, 1153, 1409. மீதிகள் முறையே 44, 120, 334, 622. பூச்சியம் ஒன்றுமில்லை, 6700417 முதன்மை எண்.