நாலாவது கேசட்டின் இரைச்சல்

எங்கள் சித்தப்பா மைக்செட் வைத்திருந்தார். வீரவநல்லூர்ப் பக்கம் கோயில் கொடை என்றால் பெரும்பாலும் அவர் குழாய்தான் பாடும். 1991 ஆடியில் எங்கள் ஊர் சுடலைமாடன் கொடைக்கு வந்த வில்லுப்பாட்டை நாலு கேசட்டில் பிடித்து வைத்தார். நாலும் தொண்ணூறு நிமிஷக் கேசட். போன மாதம் அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன்.

"அந்த இரைச்சலை எல்லாம் எடுத்துட்டுக் குடுண்ணே" என்றாள் தங்கச்சி. அதற்கு மென்பொருள் இருக்கிறது, பத்து நிமிஷ வேலை. ஆனால் ஹெட்போனை மாட்டி முதல் கேசட்டை முழுசாகக் கேட்ட பிறகு எனக்குக் கை வரவில்லை.

மைக்கில் சித்தப்பா துண்டைச் சுற்றியிருக்கிறார். அப்படியும் ஆடிக் காற்று பொம்மு பொம்மென்று முட்டுகிறது. பெண்கள் குலவை போடும்போதெல்லாம் ஒலி கிழிகிறது. யாரோ ஒருவர் "எல, அந்த லைட்டத் திருப்பு" என்கிறார். குடத்தில் அடி விழுவதற்கு ரெண்டு நொடி முன்பே அதே அடி பேய் மாதிரி மெலிதாகக் கேட்கிறது. நாடா சுருளாகவே வருஷக்கணக்கில் கிடந்ததில், ஒரு சுற்றின் காந்தப் பதிவு ஒட்டியிருக்கும் அடுத்த சுற்றில் இறங்கிவிடும். தொண்ணூறு நிமிஷ நாடா மெல்லிசு என்பதால் அதில் இது கூடுதல்.

எனக்கு மிகவும் பிடித்தது அமைதியான இடங்கள். அந்தக் கால டேப்ரெக்கார்டரில் ஒலி அளவைத் தானே கூட்டிக் குறைக்கும் ஏற்பாடு உண்டு. புலவர் உச்சத்தில் பாடும்போது தன்னை அடக்கிக்கொள்ளும். அவர் நிறுத்தியதும் மெல்ல மெல்லக் காதைத் திறக்கும். அப்போது தவளைகள் வரும், அழுகிற பிள்ளை வரும், அம்பாசமுத்திரம் ரோட்டில் லாரி போகும். அடுத்த அடி விழுந்ததும் எல்லாம் மறைந்துவிடும். பீட்டில்ஸின் 'எ டே இன் த லைஃப்' பாட்டுக் கடைசியில் நடந்ததும் இதுதான். 1967இல் பதிந்தது. முடிவில் பல பேர் சேர்ந்து பியானோக்களில் ஒரே நேரத்தில் அடித்து, அந்த நாதம் நாற்பது நொடிக்கு மேல் தேய்ந்துகொண்டே போகும். தேயத் தேய ஒலிப்பதிவுக்காரர்கள் அளவை ஏற்றிக்கொண்டே போனதால் ஸ்டுடியோவில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது பதிவாகிவிட்டது. அங்கே மனிதர் கை செய்ததை இங்கே சித்தப்பாவின் பெட்டி தானாகச் செய்திருக்கிறது.

ரெண்டாவது கேசட்டில் புலவர் ஒரு தப்புச் செய்கிறார். கதையில் மாடன் மலையாள நாட்டுக்குப் போகிற இடம். ஏற்கெனவே பாடிய ஒரு அடியை மறுபடி எடுத்துவிட்டார். பின்பாட்டுக்காரர் ஒவ்வொரு அடிக்கும் "ஆமா" போட்டு வருவார் அல்லவா, அந்த ஓரிடத்தில் மட்டும் "ஆமா" அரை நொடி பிந்தி வருகிறது. அந்த அரை நொடியில் குடம் அடிக்கிறவர் நாலு அடி சேர்த்துப் போட்டு இடைவெளியை மூடிவிட்டார். புலவர் சுதாரித்து அடுத்த அடிக்குத் தாவிவிட்டார். கூட்டத்தில் இருந்த ஒருவருக்கும் தெரிந்திருக்காது. நானே மூன்றாம் தடவைதான் பிடித்தேன். கச்சிதமாகப் பாடிய இடங்களைவிட அந்த ஒரு இடத்தில்தான் அந்தக் குழு எவ்வளவு காலம் ஒன்றாகப் பாடியிருக்கும் என்று எனக்குத் தெரிகிறது.

இனி நாலாவது கேசட். எங்கள் வீட்டில் இதைப் பற்றி ஒரு பழைய வழக்கு உண்டு. "சாமக்கொடைக்குப் புலவர் சுருதிய ஏத்திப் பாடுனாரு, அப்படி ஒரு ஆவேசம்" என்பார் சித்தப்பா. கேசட்டிலும் அப்படித்தான் இருக்கிறது. சுருதியின் உயரத்தைக் கட்டை என்று சொல்வார்கள். முதல் கேசட்டில் ஒரு கட்டை, நாலாவதில் ரெண்டு கட்டை. நான் நம்பவில்லை. கரண்டில் போட்டால் இரைச்சல் கூடும் என்று சித்தப்பா டேப்ரெக்கார்டரைப் பேட்டரியில்தான் ஓட்டுவார். விடிய விடிய ஓடினால் பேட்டரி இறங்கும், மோட்டார் மெதுவாகும். மெதுவாக ஓடிப் பதிந்ததைச் சரியான வேகத்தில் போட்டால் குரல் மேலே ஏறும். "ஆவேசம் இல்ல சித்தப்பா, பேட்டரி" என்று பல வருஷம் முன்னாலேயே சொல்லிவிட்டேன். அவர் பதில் பேசவில்லை.

தங்கச்சி எடுக்கச் சொன்ன இரைச்சல்தான் இந்த வழக்கைத் தீர்த்தது. மைக்செட் ஆம்ப்ளிஃபயர் கரண்டில் ஓடியது. அதன் ஹும்ம்ம் நாலு கேசட்டிலும் அடியில் ஓடுகிறது. நம் நாட்டு மின்சாரத்துக்கு நொடிக்கு 50 அலை. அந்த ஹும்மை அளந்தால் டேப்ரெக்கார்டர் எந்த வேகத்தில் ஓடியது என்று தெரிந்துவிடும். அளந்தேன். முதல் கேசட்டில் 50. நாலாவதில் 53. ஆக, பேட்டரி இறங்கியது உண்மை.

ஆனால் 50க்கும் 53க்கும் உள்ள தூரம் அரைக் கட்டைதான். குரல் ஏறியிருப்பதோ முழுக் கட்டை. வேகத்தைத் திருத்திவிட்டு மறுபடி கேட்டேன். தவளை, லாரி, ஹும் எல்லாம் தங்கள் இடத்துக்கு இறங்கின. புலவர் ஒன்றரைக் கட்டையில் நிற்கிறார். அந்தக் காலத்து மின்சாரம் 50க்குக் கொஞ்சம் முன்னே பின்னே ஆடும், அதனால் என் கணக்கு கொஞ்சம் பிசகலாம். ஆனால் கூட வாசிக்கும் ஆர்மோனியத்தில் அரைக் கட்டைக்குக் குறைவாக ஏற்ற முடியாது. சாமத்தில் அவர்கள் சுருதியை மாற்றியிருக்கிறார்கள்.

அன்றைக்கே சித்தப்பாவுக்குப் போன் போட்டேன். பாதி பேட்டரி, பாதி புலவர் என்று சொன்னேன். நான் சொன்னது தப்பு என்றும் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "அந்த ஏத்துன இடத்துல ஆர்மோனியக்காரர் ஒரு செருமல் செருமுவாரு, இருக்காடே?" என்றார்.

போய்ப் பார்த்தேன். இருக்கிறது.