எங்கள் தெருவில் யாரிடம் கார் இருக்கிறது?

“காரைக் குறைக்கத்தானே தம்பி இந்தத் திட்டம்? எங்கள் தெருவில் யாரிடம் கார் இருக்கிறது?”

மெட்ரோ நிலையத்தைச் சுற்றியுள்ள பகுதிக்கு நாங்கள் வரைந்த கட்டுமானத் திட்டத்துக்கான கருத்துக் கேட்புக் கூட்டத்தில் ஓர் அம்மா கேட்டது இது. தையற்காரர், முன்னறையில் கடை, பின்னறையில் குடித்தனம். அளவெடுக்கும் டேப் கழுத்திலேயே கிடந்தது. சுவரில் ஒட்டியிருந்த வரைபடத்தில் மூலையிலிருந்த மாவு மில்லை முதலில் கண்டுபிடித்து, அங்கிருந்து விரலை நகர்த்தித் தன் வீட்டுக்கு வந்தார். அந்த இடத்தில் சாய்கோடுகள் போட்டிருந்தோம். அது என்ன என்றார். மறுகட்டுமானத்துக்கு ஏற்ற மனைகள் என்றேன்.

“கட்டினால் நாங்கள் எங்கே போவது?”

“அது வீட்டு உரிமையாளரின் முடிவு அம்மா. திட்டம் யாரையும் காலி செய்யச் சொல்லவில்லை.”

நான் சொன்னதில் பொய் இல்லை. சென்னையில் பழைய வீடுகளை இடித்துக் கட்டுவதற்கு எங்கள் வரைபடத்துக்காக யாரும் காத்திருக்கவில்லை. அப்படி எழும் அடுக்ககங்களைப் பாருங்கள்: தரைத்தளம் முழுக்கக் கார், தெருவைப் பார்த்து ஓர் இரும்பு கேட். ஒரு டீக்கடைக்குக்கூட இடமில்லை. கார் இல்லாதவரும் வீட்டு விலையோடு சேர்த்துக் கார் நிறுத்தும் இடத்துக்கும் பணம் கட்டுகிறார். இதை மாற்றத்தான் நிலையத்தைச் சுற்றி 500 மீட்டருக்குள் கூடுதல் தளப்பரப்புக் குறியீடு (மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு), கீழே கடை, மேலே வீடு, குறைந்த பார்க்கிங் என்று எழுதினோம். குறைந்தபட்ச பார்க்கிங் கட்டாயத்தை மெக்சிகோ நகரம் 2017-லேயே கைவிட்டுவிட்டது. மெட்ரோ இரண்டாம் கட்டத்தில் 118.9 கிலோமீட்டர் பாதை போடுகிறோம். நிலையத்துக்கு நடந்துவரும் தூரத்தில் ஆட்கள் குடியிருக்க வேண்டாமா?

ஆனால், அந்த அம்மா அப்படித்தான் குடியிருக்கிறார். கடையும் வீடும் ஒரே கூரையின் கீழ். வாடிக்கையாளர்கள் அடுத்த தெருவில். நாங்கள் உருவாக்க நினைக்கும் வாழ்க்கையை ஏற்கெனவே வாழ்பவரின் மனைமீதுதான் சாய்கோடு போட்டிருக்கிறோம்.

உரிமையாளரின் முடிவு என்றேனே, அந்த முடிவுக்குக் காசு சேர்ப்பது நாங்கள் தரும் கூடுதல் குறியீடுதான். 2019-ல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி, இடித்துக் கட்டுவதும் காலி செய்யச் சொல்வதற்கு ஒரு காரணம். ரயில் நிலையப் பகுதிகளுக்கான 2017-ஆம் ஆண்டின் தேசியக் கொள்கை, அனுமதிக்கும் தளப்பரப்பில் குறைந்தது 30 சதவீதத்தை எளிய விலை வீடுகளுக்கு ஒதுக்கச் சொல்கிறது. நல்ல விஷயம். ஆனால் அந்த வீட்டை வாங்க வங்கிக் கடன் வேண்டும். பின்னறையில் வாடகைக்கு இருப்பவருக்கு அதில் என்ன இருக்கிறது?

அந்த அம்மா புறநகரில் குன்றத்தூருக்கு அப்பால் போவார் என்று வைத்துக்கொள்வோம். வாடிக்கையாளர்கள் இங்கேயே இருப்பதால் தினமும் வந்து போக வேண்டும். வீட்டில் ஒரு ஸ்கூட்டர் வாங்குவார்கள். எங்கள் அறிக்கையில் 500 மீட்டருக்குள் வாகனப் பயணங்கள் குறைந்திருக்கும். அவருடைய புதிய பயணம் எல்லைக்கு வெளியே தொடங்குவதால் எந்த அட்டவணையிலும் வராது. நகருக்குள்ளிருந்து கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டவர்கள் வேலைக்காக எவ்வளவு தூரம் பயணம் செய்கிறார்கள் என்பதைப் பார்த்த ஊர் இது. அங்கே அரசு இடம் மாற்றியது. இங்கே வாடகை மாற்றும்.

இதற்காகத் திட்டமே வேண்டாம் என்று சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. இங்கே வீடு கட்ட விடாவிட்டால், வரவேண்டிய நூற்றுக்கணக்கான குடும்பங்கள் புறநகரில் காரோடு குடியேறும். எண்ணிக்கையில் பார்த்தால் திட்டமே சரி. இன்றைக்குக் கேட்டாலும் கையெழுத்துப் போடுவேன். அந்த அம்மாவுக்கு வேறு என்ன சொல்லியிருக்கலாம் என்று யோசித்தால், ஆறுதலாக வரும் ஒவ்வொரு வாக்கியமும் நான் காப்பாற்ற முடியாத வாக்குறுதியாக இருக்கிறது.

அடுத்த நிலையப் பகுதிக்கான கணக்கெடுப்புப் படிவத்தில் வாடகைக்காரர், சிறுகடை இரண்டுக்கும் தனிப் பத்தி கேட்டிருக்கிறேன். இதுவரை கட்டடம், மாடி, பயன்பாடு மட்டும்தான் எண்ணினோம். கூடுதல் குறியீடு வாங்குபவர் பழைய கடைக்காரருக்குத் தரைத்தளத்தில் இடம் தர வேண்டும் என்ற நிபந்தனையையும் எழுதிக் கொடுத்தேன். மேலதிகாரி ஒன்றுதான் கேட்டார்: பழைய வாடகைக்கா, புதிய வாடகைக்கா? பழையது என்றால் எந்த உரிமையாளரும் கட்ட முன்வரமாட்டார். புதியது என்றால் அந்த அம்மாவால் திரும்பி வர முடியாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு தொகையைக் காகிதத்தில் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.